ஓணாங்கரட்டில் மூன்று அறைகள் முளைத்த கதை

ஓணாங்கரட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தானாக ஓர் அறை வந்து சேர்ந்தபோது, அதை முதலில் பார்த்தவள் சத்துணவு சமைக்கும் கொழந்தாயி. அவள் கூச்சல் போடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. அரிசிப் பையைப் புது வாசற்படியில் இறக்கி வைத்தாள், அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், ஏணி வைத்து ஏறிக் கூரைமேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள், இறங்கி உள்ளே போய் அண்ணாந்து நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை. இன்னும் பத்துக் குடம் ஊற்றிப் பார்த்தாள். பழைய கட்டடத்தில் மழைக்கு மழை அண்டாவும் குண்டானும் வைத்தே காலத்தை ஓட்டியவளுக்கு, ஒரு கட்டடத்திடம் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

எட்டரை மணிக்குத் தலைமையாசிரியை மரகதவல்லி வந்து ஸ்கூட்டியை நிறுத்தியபோது, கொழந்தாயி அடுப்பில் உலை வைத்தபடியே சொன்னாள். "டீச்சர், உங்க ரூமு வந்திருச்சுங்க. ஒழுகலீங்க."

மரகதவல்லி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே போனாள். அந்த அறையை அவளுக்குத் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம், கரும்பலகை தரையிலிருந்து எத்தனை சாண், எந்த மூலையில் வெளிச்சம் அதிகம் என்பதெல்லாம் தெரியும், ஏனென்றால் சனியும் ஞாயிறும் ஊரை ஒட்டிய குன்றான கரட்டின் உச்சியில் குந்தியிருந்து, கட்டைவிரல் காந்தக் காந்த, அத்தனையையும் அவள்தான் செல்போனில் எழுதியிருந்தாள். ஆனால் அவள் கட்டியது வகுப்பறை இல்லை, வகுப்பறைக்கு ஒரு வெப்சைட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஓணாங்கரட்டில் எங்கேயோ தொலைந்துவிட்டது, அதை யாரும் தேடவும் இல்லை.

அது எப்படி அங்கே வந்து நின்றது என்று சொல்ல வேண்டும். ஊருக்குக் கிழக்கே கல் குவாரி. தினமும் மூன்று மணிக்கு வேட்டு. ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து டீ போடுவதில்லை, வேட்டு கேட்டுத்தான் போடுவார்கள். அந்த அதிர்ச்சியில் பள்ளிக் கட்டடம் விரிசல் விட்டது. முதலில் எறும்பு போகிற விரிசல், பிறகு பென்சில் போகிற விரிசல், பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கையை விட்டு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்குப் புளியங்காய் கொடுக்கிற விரிசல். பங்குனியில் ஒரு பொறியாளர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். சித்திரையில் இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது அஸ்திவாரம் மட்டும். ஒரு வகுப்பு கோயில் மண்டபத்திலும், ஒரு வகுப்பு சத்துணவுக் கொட்டகையிலும், ஒரு வகுப்பு வேப்பமரத்தடியிலும் நடந்தது.

அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலர் சிவநேசனிடமிருந்து கடிதம் வந்தது. ஜூலை முதல் வெள்ளிக்கிழமை அவர் ஆய்வுக்கு வரும்போது பாதுகாப்பான மூன்று வகுப்பறைகள் இல்லாவிட்டால், நாற்பத்தேழு பிள்ளைகளும் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படுவார்கள். புதுக் கட்டடம் கேட்டு எழுதிய மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது, அது எழுந்து வருவது குதிரைக் கொம்பு.

இதே மாதிரி ஒரு கடிதத்தை மரகதவல்லி முன்பு வேலை பார்த்த சுக்காம்பாறையில் பார்த்தவள். அங்கேயும் இணைத்தார்கள். காகிதத்தில் எல்லாப் பிள்ளைகளும் சாலையைக் கடந்தன. நிஜத்தில் பதினாலு பெண் பிள்ளைகளில் மூன்று கடந்தன, மற்றவை கல்லுடைக்கப் போய்விட்டன. ஒரு நாள் குவாரிப் பாதையில் பவளக்கொடி என்ற பிள்ளை எதிரில் வந்து, டீச்சரைப் பார்த்ததும் கையிலிருந்த சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை மரகதவல்லியால் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஓணாங்கரட்டிலும் அப்படி ஒரு சிரிப்பைப் பார்ப்பதைவிட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பறைக்குத் தானே ஒரு வெப்சைட்டு கட்ட வேண்டுமாம். வருகையை ஒரு செயலியிலும், முட்டைக் கணக்கை இன்னொன்றிலும், கழிப்பறை கழுவிய படத்தை வேறொன்றிலும் ஏற்றி ஏற்றிச் சலித்துப்போன கூட்டம் அது. மூன்றாம் நான்காம் வகுப்பு எடுக்கும் பெரியநாயகம் சார்தான் எழுந்து கேட்டார்.

"எங்களுக்கு வகுப்பறையே இல்லீங்களே. இல்லாத ரூமுக்கு எப்படிங்க வெப்சைட்டு?"

"அதெல்லாம் கேக்காதீங்க சார்" என்றார் பயிற்சி கொடுத்தவர். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள லிங்க் அனுப்பிடுங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' மரகதவல்லியைச் சுட்டுவிட்டது. அறை இல்லை, ஆனால் அறையைப் பற்றிய பக்கம் வேண்டும். சரி, அப்படியானால் எழுதித் தொலைக்கிறேன் என்று, ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கரட்டு உச்சிக்கு ஏறினாள். படம் போடச் சொன்ன இடத்தில் போடப் படம் இல்லாததால் எழுத்தாக எழுதினாள். ஐந்தாம் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். நம் தொடக்கப் பள்ளிகளில் சுவரின் அடிப்பக்கம் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை ஓடும், ஆளுக்கொரு கட்டம் உண்டு. அதேபோல் பக்கத்தின் அடியில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையை எழுதினாள். இலக்கியா இடதுகைக்காரி, அவளுக்கு வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழ வேண்டும். சபரிநாதனுக்குக் கல்தூசி பட்டால் இழுப்பு வரும், அவன் உட்காருகிற சுவரில் குவாரியைப் பார்த்து ஜன்னல் கூடாது. ரித்திக் காலையில் சாப்பிடாமல் வருவான், கேட்க வெட்கப்படுவான், ஆகவே பொட்டுக்கடலை டப்பா கேட்காமல் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டையும் எழுதி முடித்து ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் 'வெளியிடு' என்ற பொத்தானைத் தட்டிவிட்டு, இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் அது அத்தனையும் சுவராகவும் ஜன்னலாகவும் நின்றது. வலது பக்கம் வெளிச்சம், குவாரிப் பக்கம் முழுச்சுவர், ரித்திக்கின் கைக்கு எட்டுகிற சுவர்ப் பிறையில் ஒரு டப்பா.

ஊர் வந்தது. ஓணாங்கரட்டுக்காரர்கள் கல்லில் பிறந்து கல்லில் வளர்ந்தவர்கள், கட்டடம் என்று எதைக் காட்டினாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். தட்டினார்கள். கருங்கல் இல்லை, செங்கல் இல்லை, கான்கிரீட்டும் இல்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். என்னவோ, நன்றாக வெந்திருக்கிறது என்பதிலும் ஒத்துப்போனார்கள். அதற்குமேல் அது எதனால் ஆனது என்று ஆராய ஆள் இல்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய வழக்குகள் காத்திருந்தன. வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறதே, ஆகுமா ஆகாதா. பால் காய்ச்ச வேண்டுமா, காய்ச்சினால் யார் வீட்டுப் பால். திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டுவதா உடைப்பதா. கோயில் பூசாரி, நாமாகக் கட்டினால் திசை பார்க்க வேண்டும், தானாக வந்ததிடம் திசை கேட்பது வந்த விருந்தாளியிடம் சாதகம் கேட்கிற மாதிரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊராட்சிச் செயலர் மட்டும், இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று மூன்று பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கடைசியில் மரங்கள் பதிவேட்டில், வேம்பு இரண்டு, புங்கன் ஒன்று என்பதற்குக் கீழே, வகுப்பறை ஒன்று என்று எழுதி வைத்தார்.

எல்லாம் சரி, மூன்று மணி இருக்கிறதே என்று மரகதவல்லிக்குக் கவலை. பழைய கட்டடத்தில் இரண்டே முக்காலுக்கே பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவாள். அன்றைக்கும் பிள்ளைகளை மரத்தடியில் விட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு தான் மட்டும் அறைக்குள் போய் நடுவில் வைத்து உட்கார்ந்தாள். வேட்டு வெடித்தது. மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின, கொட்டகையில் தட்டுகள் சரிந்தன, கோயில் மணி தானாக ஒரு தட்டுத் தட்டியது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. அவள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்து, பன்னிரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாள்.

செய்தி பரவாமல் இருக்குமா. மறுநாளே லாரி ஓட்டும் செங்கோடன் என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருஷமாக அவர் வீடு கூரை ஏறாமல் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். மகள் கெட்டிக்காரி, வீட்டுக்கு ஒரு வெப்சைட்டு எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

"ஊட்ல யாராருங்க இருக்கப்போறீங்க, அவங்கவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"அதெல்லாம் எதுக்குங் டீச்சர், நாலு செவுரு, மேல ஒரு கூரை. அது போதுமுங்க."

அப்படியே எழுதி வெளியிட்டார்கள். நாலு நாள் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. லாரிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, அரசாங்க இடத்துக்கு மட்டும்தான் வரும்போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டார்.

ஒன்றும் இரண்டும் வகுப்பு எடுக்கும் ரெஹானா டீச்சர் வயதில் சின்னவள், செல்போனில் வேகம். அவளுடைய பதினாறு பிள்ளைகளில் பாதிப் பேர் பத்து மணிக்குத் தூங்கி விழுவார்கள், ஒருவன் பாதி நாள் அழுவான். அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுதினாள், புதன்கிழமை காலையில் அவள் அறை வந்தது. அதற்கு மூலைகளே இல்லை, ஏனென்றால் அழுகிற பையன் மூலை கிடைத்தால் அதில் போய் ஒடுங்கிக்கொள்வானாம். கொழந்தாயி வழக்கம்போல் பதினொரு குடம் ஊற்றிப் பார்த்துச் சம்மதம் கொடுத்தாள். ஊர்ச் சனம் இந்த முறை வேலையை விட்டுவிட்டு வரவில்லை. ஒன்று வந்தால் அதிசயம், இரண்டு வந்தால் நடைமுறை.

மூன்றாவது அறைதான் மக்கர் பண்ணியது.

பெரியநாயகம் சாருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கெட்ட மனிதர் இல்லை, பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கித் தருகிறவர்தான். ஆனால் பாடக் குறிப்பு என்ற ஒன்றை அவர் வாழ்நாளில் சொந்தமாக எழுதியதில்லை. அந்த வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஒருவர் எழுதிய பாடக் குறிப்பு நோட்டு வீடு வீடாகப் போகும், எல்லோரும் பார்த்து எழுதுவார்கள், அதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. பெரியநாயகம் அதில் மன்னர். ஒரு வருஷம் மரகதவல்லியின் நோட்டைப் பார்த்து எழுதியவர், கடைசியில் அவள் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட ஈயடிச்சான் காப்பி. அதே பழக்கத்தில் புதன்கிழமை கரட்டில் ஏறி, மரகதவல்லியின் வெப்சைட்டை அப்படியே எடுத்து ஒட்டி, 'ஐந்து' என்றிருந்த இடத்தில் 'மூன்று, நான்கு' என்று மாற்றி, கால் மணி நேரத்தில் இறங்கி வந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது அறை நின்றது. பார்வைக்கு முதல் அறையேதான். பெரியநாயகம் தோரணையாகக் கதவைத் திறந்து, பத்தொன்பது பிள்ளைகளையும் உள்ளே அனுப்பி, பின்னாலேயே நுழைந்தார். நுழைந்த இடம் ஐந்தாம் வகுப்பு. மரகதவல்லி பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறாள், பத்தொன்பது பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் திபுதிபுவென்று நடுவில் வந்து நிற்கிறார்கள். வெளியே போய் மறுபடி நுழைந்தார்கள். மறுபடி ஐந்தாம் வகுப்புதான். மூன்றாம் முறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லின.

ரெஹானா வந்து செல்போனை வாங்கிப் பார்த்தாள். "சார், காப்பி பண்ணப்ப உள்ள போற லிங்க்கையும் சேத்துப் பண்ணிட்டீங்க. உங்க கதவைத் தொறந்தா மரகதம் டீச்சர் வகுப்புக்குத்தான் போகும்." அவள் அந்த லிங்க்கை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், கதவு இருந்த இடம் வழுவழுவென்று சுவராகிவிட்டது. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே கரும்பலகை தெரிந்தது. அதில் பன்னிரண்டு கட்டம், அத்தனையிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர். தன் பெயர் எங்கே என்று தேடிய பத்தொன்பது பிள்ளைகளும் வெளியே நின்றன. குவாரியிலிருந்து இரண்டு பேர் துளை போடும் எந்திரம் கொண்டுவந்து முயற்சி செய்தார்கள், உளி முனை மழுங்கியதே தவிரச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை சிவநேசன் வருகிறார். வேண்டியது மூன்று அறை.

மரகதவல்லிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் பொறுத்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அந்த மனிதர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் கேட்க வந்ததைக் கேட்காமல், "ஒவ்வொரு புள்ளையப் பத்தியும் எழுதுங்க சார். அவ்வளவுதான் சூட்சுமம்" என்றாள்.

"என்னத்த எழுதறது டீச்சர்" என்றார் பெரியநாயகம். தலை நிமிரவில்லை. "பத்தொம்பது பேர்ல நாலு பேரு பேருதான் எனக்குத் தெரியும். அதும் அடி வாங்கற பசங்க பேரு."

மரகதவல்லி வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் பெரியநாயகம் குவாரி லைன் வீடுகளில் ஏறி இறங்கினார். வாத்தியார் வீட்டுக்கு வந்தால் பையன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்பது அங்கே வழக்கம், ஆகவே அவர் போன வீட்டிலெல்லாம் முதலில் ஒரு பிள்ளைக்கு முதுகில் இரண்டு விழுந்தது. அதைத் தடுத்து, காரணம் சொல்லி, டீத்தண்ணி குடித்து, கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதியச் சோறு முடிந்ததும் பத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு கரட்டில் ஏறிவிட்டார்.

சிவநேசன் இரண்டு மணிக்கு வந்தார். கொடுமைக்காரர் இல்லை. கட்டம் போட்ட படிவம் என்றால் உயிர், அவ்வளவுதான். முதல் அறைக்குள் போய் டேப் பிடித்து அளந்தார், கூரையைப் பார்த்தார், டப்பாவிலிருந்து பொட்டுக்கடலை நாலு எடுத்து வாயில் போட்டார். படிவத்தில் கட்டுமானப் பொருள் என்ற இடத்தில் செங்கல், கருங்கல், ஓடு, இதர என்று நாலு கட்டம் இருந்தது. இதர என்பதில் டிக் அடித்தார். உருண்டை அறையை அளக்கச் சிரமப்பட்டார், அதுவும் இதர. மூன்றாவதைச் சுற்றி வந்து, சுற்றி வந்து, நின்றார்.

"இதுக்குக் கதவு எங்கேம்மா?"

"வந்துட்டிருக்குங்க சார்" என்றாள் மரகதவல்லி.

"உள்ள போக முடியாததை வகுப்பறைன்னு எழுத முடியாதும்மா. ரெண்டு அறை, ஒரு சுவர். அப்படித்தான் எழுத முடியும்." அவர் பைக்குள் கைவிட்டு இணைப்பு ஆணையை வெளியே எடுத்தார். ஏற்கெனவே டைப் அடித்து, முத்திரையும் குத்தியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. "நீங்க முயற்சி பண்ணீங்க, நான் இல்லேங்கல. மூணு மணிக்குக் கெளம்பிடுவேன்."

குவாரியில் முதல் சங்கு ஊதியது. வேட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது, கரட்டில் யாரும் இருக்கக்கூடாது என்று அர்த்தம். மரகதவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரட்டில் ஏறினாள். பாதி வழியில் செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஏறினாள். உச்சியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் பெரியநாயகம் செல்போனை மூக்குக்கு நேராகப் பிடித்து, வியர்வை சொட்ட எழுதிக்கொண்டிருந்தார்.

"சங்கு ஊதியாச்சு சார், எறங்குங்க."

"பதினெட்டு முடிஞ்சுது டீச்சர். ஒண்ணே ஒண்ணு பாக்கி."

அந்த ஒன்று தன்ஷிகா. மூன்றாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. முந்தின நாள் அவள் வீட்டுக்குப் போனபோது தாயும் தகப்பனும் குவாரியிலிருந்து வரவில்லை, பிள்ளை மட்டும் வாசலில் நின்றிருந்தாள், கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். இவளும் நானும் வர்றோம்."

மரகதவல்லி பதினெட்டையும் ரெஹானா இருக்கும் இடத்துக்கு விரட்டி இறக்கிவிட்டாள். தான் இறங்கவில்லை. கரட்டின் அடியில் சிவப்புக் கொடியோடு மாரப்பன் நின்று கத்தினான். அவன் வேலையே அதுதான், கரட்டில் ஆளில்லை என்று அவன் கொடியை இறக்கினால்தான் வேட்டு.

"மேல யாருங்க? எறங்குங்க, மணியாச்சு."

"மூணாப்பு வாத்தியார் இருக்கார்" என்று மரகதவல்லி மேலிருந்து சொன்னாள். "புள்ளைக பேரு எழுதறார். ஒரு பேரு பாக்கி."

மாரப்பன் குவாரிப் பக்கம் திரும்பி அதை அப்படியே கூவினான். அங்கே ஒருவர் அடுத்தவருக்குக் கூவினார், அவர் அடுத்தவருக்கு, அப்படியே பள்ளத்தின் அடிவரைக்கும் செய்தி இறங்கியது. வேட்டுக்காரர் கையில் எடுத்த ஒயரைக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷமாக மழைக்கும் சாவுக்கும் தேர்தலுக்கும் நிற்காத மூன்று மணி வேட்டு அன்று நின்றது. ஊரில் பெண்கள் டீத்தூளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். குவாரியில் தகப்பன்களும் தாய்களும் பாறைமேல் உட்கார்ந்து கரட்டையே பார்த்தார்கள். முதலாளியின் ஆள் வந்து என்ன என்று கேட்டதற்குக் கரட்டு உச்சியைக் கையால் காட்டினார்கள். மூன்று அடித்து ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கிளம்ப வேண்டிய சிவநேசன்கூடக் கிளம்பாமல், கண்ணுக்குமேல் கையை வைத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உச்சியில் பெரியநாயகம் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "நேத்து வாசல்ல ஏன் அம்மிணி நின்னுட்டிருந்தே? உள்ள போய் உக்காந்திருக்கலாமல்ல?"

தன்ஷிகா வெகுநேரம் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தாப்பா எட்டாதுங்க சார். அம்மா வேலைக்குப் போறப்ப வெளிய போட்டுட்டுப் போயிரும். மேல இருக்குதுங்க. அம்மா வர்ற வரைக்கும் நிப்பேனுங்க."

"தெனமுமா?"

"தெனமும்தானுங்க."

பெரியநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. பள்ளி திறந்த நாளிலிருந்து தன் முன்னால் உட்கார்ந்த பிள்ளை, தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு, செல்போனை எடுத்து, பத்தொன்பதாவது கட்டத்தில் எழுதினார்: தன்ஷிகாவுக்கு எட்டுகிற தாழ்ப்பாள் வைத்த கதவு வேண்டும், உள்ளேயும் வெளியேயும். பொத்தானைத் தட்டினார். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கரட்டிலிருந்து இறங்கினார், மரகதவல்லி வெறுங்காலோடு முன்னால் ஓடினாள். மாரப்பன் கொடியை இறக்கினான்.

மூன்று பதினேழுக்கு வேட்டு வெடித்தது. புழுதி எழுந்து பள்ளியை மூடியது. புழுதி அடங்கியபோது மூன்றாவது அறையின் சுவரில் ஒரு கதவு இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்கு, ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன்ஷிகா தோளிலிருந்து இறங்கிப் போய், யாரிடமும் கேட்காமல், கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். அது எட்டியது.

பத்தொன்பது பிள்ளைகளும் ஓடின. உள்ளே கட்டங்களில் பத்தொன்பது பெயர்கள், தன் பெயரைக் கண்டுபிடித்த ஒவ்வொரு பிள்ளையும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது. பெரியநாயகம் குனிந்து நுழைந்தார். அறுபத்திரண்டு பள்ளிகளுக்கு அதிகாரியான சிவநேசன், வேறு வழியில்லாமல், இடுப்பை மடித்து, பையை மார்போடு அணைத்து, தலையைத் தாழ்த்தி உள்ளே போனார். டேப்பைப் பிடித்து நீளமும் அகலமும் அளந்தார். இதர என்பதில் டிக் அடித்தார். கீழே, வகுப்பறைகள் மூன்று, மூன்றும் பாதுகாப்பானவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற மரகதவல்லி அதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன, இரண்டையும் அடக்காமல் விட்டாள்.

சிவநேசன் பேனாவை மூடிவிட்டுத் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. தன்ஷிகா உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"வேலை முடிஞ்சுதும்மா. கதவைத் தொற, நான் கெளம்பணும்."

"பெல் அடிச்சாத்தானுங்க சார்" என்றாள் தன்ஷிகா.

சிவநேசன் பெரியநாயகத்தைப் பார்த்தார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுத ஆரம்பித்துவிட்டார். ஜன்னலைப் பார்த்தார், மரகதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்துக்குத்தான் பெல். அவர் இணைப்பு ஆணையை எடுத்து நாலாக மடித்து, வெள்ளைப் பேன்ட்டில் அழுக்கு ஒட்டாமல் இருக்கத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.